எழுதுவதற்கு முன் அழிப்பதைக் கற்போம்

கருவிகள் பெருகிய காலம் இது. கருவி பெருகிய அளவுக்குக் கருவியைப் பற்றிய அறிவும் பெருகியதா என்று கேட்டால், 'ஆம்' என்று விடை கூற நாத் தயங்குகிறது. பெருகாமையால் வரும் துன்பங்களை நம் விடுதிகளிலே நாள்தோறும் காண்கிறோம். அவற்றுள் மிகச் சிறியதாகத் தோன்றும் ஒன்றைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன். விரல் நீளம்கூட இல்லாத பென்டிரைவைப் பற்றியது அது. கணினியில் லினக்ஸ் போடுவதற்காகப் பென்டிரைவை ஆயத்தம் செய்யும்போது, அழியக்கூடாதது அழிந்துவிடுகிறது. வேலை முடிந்தபின் அதனை வெறுமையாக்கப் புகுந்தால், அழிய வேண்டியது அழிய மறுக்கிறது. இவ்விரு தொல்லைகளுக்கும் வேர் ஒன்றே என்பதும், அவ்வேரைக் களைவது நம் மன்றத்தால் ஆகக்கூடிய செயலே என்பதும் என் கருத்து.

'மன்ற மலரில் எழுத வேறு பொருள் கிடைக்கவில்லையா?' என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைப்போர் தம் மேசை இழுப்பறையை ஒருமுறை திறந்து பார்க்கட்டும். 'செத்துப் போயிற்று' என்று ஒதுக்கப்பட்ட பென்டிரைவ் ஒன்றேனும் அங்கே கிடக்கும். அவற்றுள் பல சாகவே இல்லை என்று நான் சொல்கிறேன்.

இப்பேச்சு இன்று எழுவதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளுடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 எல்லாக் கணினியையும் ஏற்பதில்லை, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும், குறிப்பிட்ட தலைமுறைச் செயலியும் வேண்டும் என்கிறது. நம்முள் பலர் கையில் இருப்பது பழைய மடிக்கணினி. அண்ணன் படித்து முடித்துத் தம்பிக்குக் கொடுத்தது சிலரிடம். பள்ளியிலே அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி சிலரிடம். அத்திட்டம் தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கியது. தொடக்கத்தில் கொடுத்த கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. ஆகவே லினக்ஸ் நமக்குப் புதிய விருந்தாளி அன்று. நன்றாக ஓடும் கணினியைக் குப்பையில் எறிய மனமில்லாதவனும், புதியது வாங்கப் பொருளில்லாதவனும் லினக்ஸை நாடுகிறான். அறிவியல் மாணவனுக்கோ ஆய்வுக்கூடத்துக் கணக்கு வேலைகளுக்கும் அது வேண்டியதாகிறது. நாடுவோர் அனைவரும் கடக்க வேண்டிய முதல் வாயில் பென்டிரைவ். அந்த வாயிலிலேதான் பலர் இடறி விழுகின்றனர்.

சென்ற பருவத்தில் எங்கள் விடுதியில் நடந்ததைச் சொல்கிறேன். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து முதுகலை வேதியியல் முதலாண்டு பயிலும் தம்பி ஒருவர், இரவு பதினொரு மணிக்கு என் அறைக் கதவைத் தட்டினார். கையில் 32 ஜி.பி. பென்டிரைவ்.

"அண்ணா, இது செத்துப்போச்சுண்ணா. 32 ஜி.பி. இருந்தது, இப்போ நாலஞ்சு எம்.பி.தான் காட்டுது. ஃபார்மட் பண்ணினாலும் அதேதான். வேற வாங்கிடட்டுமா?"

"அதில் என்ன வைத்திருந்தீர்கள்?" என்றேன்.

தம்பி தலை குனிந்தார். "மூணு மாச லேப் ரீடிங்க்ஸ் அண்ணா. இந்த வரியை டைப் பண்ணுன்னு ஒருத்தர் சொன்னாரு, பண்ணினேன். அழிஞ்சிடும்னு சொல்லலை."

நண்பர்களே, அந்தக் கடைசிச் சொற்களே இக்கட்டுரையின் கரு. 'அழியும் என்று சொல்லவில்லை.' வரியைக் கொடுத்தவர் பொய் கூறவில்லை. அவர் கொடுத்த வரி பிழையானதும் அன்று. அது தன் வேலையைச் செம்மையாகச் செய்து முடித்தது. ஆயினும் ஒரு மாணவனுடைய மூன்று மாத உழைப்பு ஒரு நொடியில் போயிற்று. 'எழுது' என்று கற்பித்தவர், எழுதுவது என்பது அழிப்பதே என்று கற்பிக்கவில்லை.

இது எவ்வாறு நிகழ்கிறது என்பதைச் சற்று விளங்கக் காண்போம்.

ஒரு பாடலையோ படத்தையோ பென்டிரைவில் வைப்பது போன்றதன்று லினக்ஸ் எழுதுவது. பாடல் வைக்கும்போது, இருக்கும் கோப்புகளுக்குப் பக்கத்தில் இன்னொரு கோப்பு சேர்கிறது. லினக்ஸின் ஐ.எஸ்.ஓ. கோப்போ கோப்பாகச் சேர்வதில்லை. பென்டிரைவின் முதல் பைட்டிலிருந்து தொடங்கி, அச்சுக் குத்தியதுபோல் அப்படியே பதிகிறது. அங்கே முன்பு இருந்தது யாது என்று அது கேட்பதில்லை. கோப்புகள் எங்கெங்கே உள்ளன என்று குறித்து வைத்திருந்த அட்டவணையும் அந்தத் தொடக்கப் பகுதியில்தான் இருந்தது; அதுவும் போகிறது.

நிலத்தை வைத்து இதனை விளக்கலாம். ஒருவருக்கு 32 ஏக்கர் நிலம் இருக்கிறது. கிராமத்துப் பதிவேட்டில் அவர் பெயரும் அளவும் எல்லையும் எழுதியிருக்கின்றன. யாரோ வந்து அந்தப் பதிவேட்டின் மேல் வேறொரு பதிவேட்டை ஒட்டிவிடுகிறார். அதில் உழக்கு நிலம்தான் இருப்பதாகக் கணக்கு. நிலம் எங்கும் போய்விடவில்லை. பதிவேடு மாறிவிட்டது, அவ்வளவே. தம்பியின் பென்டிரைவ் நான்கைந்து எம்.பி. காட்டியதன் காரணம் இதுதான். கணினியைத் துவக்குவதற்கென்று அந்த ஐ.எஸ்.ஓ.வில் உள்ள சிறு பகுதி ஒன்றை மட்டுமே விண்டோஸ் கண்டுகொண்டது. அவர் ஃபார்மட் செய்தபோதெல்லாம் அந்தச் சிறு பகுதியே திரும்பத் திரும்ப ஃபார்மட் ஆயிற்று. உழக்கு நிலத்தையே உழுதுகொண்டிருந்தார். மீதி நிலம் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஐ.எஸ்.ஓ. 9660 என்பது 1988இல் குறுந்தகட்டுக்காக வகுத்த முறை. படிக்க மட்டுமே உரியது அது. உள்ளிருக்கும் கோப்பைத் தேர்ந்து 'டெலீட்' என்றால் நடவாது. அம்முறையில் முதல் 32 கிலோபைட் இடம் பயன்படாமல் விடப்பட்டிருந்தது. ஒரே கோப்பு குறுந்தகட்டிலிருந்தும் பென்டிரைவிலிருந்தும் கணினியைத் துவக்க வேண்டும் என்று கருதிய பொறியாளர்கள், அந்த வெற்றிடத்திலே வட்டுக்குரிய அட்டவணையையும் பொருத்தினர். ஐஸோஹைப்ரிட் என்பது அதன் பெயர். அழகிய ஏற்பாடு, ஐயமில்லை. ஆயின் ஒரே பென்டிரைவுக்குக் குறுந்தகட்டின் முகமும் வட்டின் முகமும் சேர்ந்து அமைந்துவிடுகின்றன. ஒரு மென்பொருள் ஒரு முகத்தைக் காண்கிறது. மற்றொன்று மறு முகத்தைக் காண்கிறது. ஒன்றை அழித்தால் மற்றொன்று நின்று, 'நான்தான் உண்மை' என்கிறது. போதாக்குறைக்கு, ஜி.பி.டி. என்னும் அட்டவணை முறை தன் படி ஒன்றை வட்டின் கடைசியிலும் வைத்துக்கொள்ளும். கிராமத்துப் பதிவேட்டுக்குத் தாலுகா அலுவலகத்தில் ஒரு படி இருப்பதைப்போல. முற்பகுதியை மட்டும் துடைத்தவன், கடைசிப் பகுதியில் பழைய கணக்கு எழுந்து நிற்பதைக் கண்டு திகைக்கிறான். 'இது அழியாது, செத்துவிட்டது' என்று தூக்கி எறிகிறான்.

மருந்து எளிது. லினக்ஸில் வைப்.எஃப்.எஸ். என்னும் கட்டளை, இந்த அடையாளக் குறிகள் எங்கெங்கே உள்ளன என்று தேடிக் காட்டும். 'எல்லாம்' என்று சொன்னால் எல்லாவற்றையும் நீக்கும். விண்டோஸில் டிஸ்க்பார்ட்டைத் திறந்து, உரிய வட்டைத் தேர்ந்து 'கிளீன்' என்றால் அதே பயன் கிட்டும். பின்பு புதிய அட்டவணை ஒன்று அமைத்து எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்தால், 32 ஜி.பி.யும் திரும்பி வரும். தம்பியின் பென்டிரைவ் இரண்டு நிமிடத்தில் உயிர் பெற்றது. அதற்கு முன்பு இன்னொன்று செய்தோம். எழுதப்பட்ட லினக்ஸ் ஏறத்தாழ 6 ஜி.பி.; அது விழுந்த இடத்தில் இருந்தவை மீளா. ஆயின் அதற்கப்பால் உள்ள இடம் தொடப்படவில்லை. ஃபோட்டோரெக் என்னும் மென்பொருளைக் கொண்டு அப்பகுதியைத் துழாவினோம். கோப்புகள் பெயரிழந்து வந்தன, பாதிக்குமேல் வந்தன. மீதியைத் தம்பி மறுபடியும் ஆய்வுக்கூடத்தில் இருந்து எடுக்க நேர்ந்தது. புதிய பென்டிரைவ் வாங்குவதும், பழையதில் மேலும் எழுதுவதும் அல்ல, கைவைக்காமல் நிறுத்துவதே முதல் உதவி என்று அவருக்கு யாரேனும் முன்னரே சொல்லியிருக்கலாம் அன்றோ?

உண்மையிலேயே சாகும் பென்டிரைவும் உண்டு, அதனை மறைப்பதற்கில்லை. ஃபிளாஷ் நினைவகம் தேயும் பொருள். அதனை உருவாக்கியவர் ஜப்பானின் தொஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா. 1980களில் அது வெளிவந்தது. பெரும்பகுதியை ஒரே வீச்சில் அழிக்கும் அதன் தன்மை ஒளிப்படக் கருவியின் மின்வெட்டு விளக்கை நினைவூட்டியதால் ஃபிளாஷ் என்று பெயர் வந்ததாகக் கூறுவர். எழுதும் திறத்தால் அன்று, அழிக்கும் திறத்தால் பெயர் பெற்ற பொருள் அது என்பதை நினைவில் வைக்க வேண்டும். பன்முறை அழித்து எழுதித் தேய்ந்த நிலையில், சில பென்டிரைவுகள் இனி எழுத மாட்டேன் என்று படிக்கும் நிலையிலேயே நின்றுவிடும். எந்தக் கட்டளைக்கும் அவை அசையா. அவ்வாறு ஆனதற்கு இரங்கலாம், மருந்தில்லை. ஆனால் அந்த முடிவு, மேற்சொன்ன சோதனைகளை எல்லாம் செய்தபின் வரவேண்டிய முடிவு, தொடக்கத்திலேயே வரவேண்டியதன்று.

இனி, குற்றம் யாருடையது என்னும் கேள்விக்கு வருவோம். இங்கேதான் கருத்து வேற்றுமை.

எழுதுவதற்குப் பலரும் கையாளும் கட்டளை டி.டி. என்பது. 1974இல் வந்த யூனிக்ஸ் ஐந்தாம் பதிப்பிலேயே இடம்பெற்ற முதுபெருங் கட்டளை. 'எதிலிருந்து', 'எதில்' என்று இரண்டு சொன்னால் போதும். ஏன் என்று கேளாது, உறுதிதானா என்று வினவாது. பென்டிரைவின் பெயர் எஸ்.டி.பி. என்றும், கணினியின் உள்வட்டின் பெயர் எஸ்.டி.ஏ. என்றும் இருக்கும்போது, ஓர் எழுத்து மாறினால் பென்டிரைவுக்கு மாறாக உள்வட்டே போகும். அந்தப் பெயர்களும் நிலையானவை அல்ல. செருகும் முறைக்கேற்ப நாளைக்கு மாறலாம். 'வட்டுகளை அழிப்பவன்' என்று அதற்குப் பட்டப்பெயர் ஏற்பட்டதில் வியப்பில்லை.

'அறியாதவன் அதைத் தொடக்கூடாது' என்று கூறுவோர் ஒரு சாரார். நம் துறைகளில் மூத்தவர் சிலர் இக்கட்சியினர். 'நாங்கள் யாரிடம் கேட்டோம்? நாங்களே தேடிப் படித்தோம். நீயும் படி' என்பார்கள். 'அந்தக் கருவியை ஒழித்துவிட வேண்டும். கேட்டுக் கேட்டுச் செய்யும் கருவியே வேண்டும்' என்போர் மற்றொரு சாரார். இரு சாராரோடும் எனக்கு உடன்பாடில்லை.

முதற் சாராருக்கு நான் கூறுவது இது. தேடிப் படிப்பது நன்று. ஆனால் தேடுபவனுக்குத் தேட வேண்டிய சொல் தெரிந்திருக்க வேண்டும். 'பென்டிரைவ் செத்துவிட்டது' என்று எண்ணுபவன், அட்டவணை என்றும் அடையாளக் குறி என்றும் தேடுவானா? தமிழ்வழிப் பள்ளியில் பயின்று, இங்கு வந்து ஆங்கிலத்தில் பாடமும் இந்தியில் கடைத்தெருவும் கற்கும் மாணவனுக்கு முதல் பருவத்துச் சுமையே பெரிது. அவன் கேட்கும்போது 'தேடிக்கொள்' என்பது, அறிவுரை போலத் தோன்றும் கதவடைப்பு. அறிவை முடிந்து வைத்துக்கொள்வதால் அறிவாளி ஆகிவிட முடியாது.

இரண்டாம் சாராருக்கு நான் கூறுவது: அரிவாள்மனையை ஒழித்துவிட்டால் கறிகாய் நறுக்குவது எப்படி? டி.டி. கேள்வி கேளாமல் இருப்பதை நம்பி இயங்கும் நிரல்கள் எத்தனையோ உண்டு. அது மாற வேண்டியதில்லை. கேட்டுச் செய்யும் கருவிகளும் இன்று இல்லாமல் இல்லை. ரூஃபஸ், எழுதுமுன் எல்லாம் அழியும் என்று எச்சரிக்கிறது. எட்ச்சர், கணினியின் உள்வட்டைப் பட்டியலில் முதலில் காட்டுவதில்லை. ஃபெடோரா மீடியா ரைட்டர், வேலை முடிந்தபின் பென்டிரைவைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் வழி வைத்திருக்கிறது. 2020இல் வெளிவந்த வென்டாய், முதன்முறை மட்டும் அழிக்கும், பிறகு ஐ.எஸ்.ஓ. கோப்பைச் சாதாரணக் கோப்புப் போலப் போட்டுக்கொள்ளலாம். புதியவர்கள் இவற்றையே கொள்ளட்டும். ஆயினும் எச்சரிக்கை மட்டும் காவல் ஆகாது. நாள்தோறும் நூறு எச்சரிக்கைகளுக்கு 'சரி' என்று அழுத்திப் பழகிய விரல், நூற்றொன்றாவதையும் படியாமல் அழுத்தும். காவல், கற்பிப்பதில்தான் இருக்கிறது.

ஆகவே குற்றம் கருவியுடையதும் அன்று, கற்கும் தம்பியுடையதும் அன்று; பாதியைக் கற்பிக்கும் நம் பழக்கத்தினுடையது. எழுதும் வரி ஒன்றைப் பிறருக்குக் கொடுப்பவர், மூன்றையும் சேர்த்துக் கொடுக்கக் கடமைப்பட்டவர். எழுதுமுன் என்ன பார்ப்பது? எழுதும்போது என்ன அழியும்? எழுதியபின் பழைய நிலைக்கு எப்படி மீட்பது? இம்மூன்றும் இல்லாத அறிவுரை, படிக்கட்டு இல்லாத மாடிக்கு ஏணி வைத்து ஏற்றிவிட்டு ஏணியை எடுத்துச் செல்வதை ஒக்கும்.

எழுதுமுன் பார்க்க வேண்டியவை சிலவே. எல்.எஸ்.பி.எல்.கே. என்னும் கட்டளை எல்லா வட்டுகளையும் அளவோடு பட்டியலிடும். பென்டிரைவைச் செருகுமுன் ஒருமுறையும் செருகியபின் ஒருமுறையும் அதனை ஓட்டினால், புதிதாகத் தோன்றுவதே பென்டிரைவ், ஐயத்துக்கு இடமில்லை. அளவும் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கணினி தானாக அதனைத் திறந்து வைத்திருந்தால் விடுவிக்க வேண்டும். இல்லாவிடில் 'வேலையில் இருக்கிறது' என்று அழிக்க மறுக்கும். முடிந்தபின் 'ஸிங்க்' என்று சொல்லி, அது திரும்பும் வரை காத்திருக்க வேண்டும். திரையில் முடிந்தது என்று தோன்றினாலும், எழுத வேண்டியதில் ஒரு பகுதி இன்னும் நினைவகத்திலேயே நிற்கக்கூடும். அவசரப்பட்டுப் பிடுங்கினால் அரைகுறையாய் நிற்கும்.

மற்றொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடையாளக் குறியை நீக்குவது வேறு. உள்ளிருப்பதைத் துடைப்பது வேறு. வெறுமையாகத் தோன்றும் பென்டிரைவைப் பிறருக்குக் கொடுக்கும்போது, அதில் உங்கள் கடிதமும் கணக்கும் கண்ணுக்குத் தெரியாமல் உடன் செல்லக்கூடும். தம்பியின் கோப்புகள் நமக்கு மீண்டது எந்த வழியாலோ, அந்த வழியாலேயே உங்கள் மறைபொருளும் பிறருக்குக் கிட்டும். கொடுக்குமுன் முழுவதும் சுழியத்தால் நிரப்புவது நன்று. மறைவாக வைக்க வேண்டியதை முதலிலிருந்தே பூட்டி வைப்பது அதனினும் நன்று.

இவற்றை அறிந்தவர் நம் மன்றத்தில் இல்லையா? கணினித் துறையிலும் இயற்பியல் துறையிலும் பலர் இருக்கின்றனர். அவர்கள் அறிந்ததும், புதிதாக வருவோர் அறியாததும் ஒரே விடுதியில் அடுத்தடுத்த அறைகளில் உறங்குகின்றன. இடையே உள்ள சுவரை உடைப்பதுதான் மன்றத்தின் வேலை. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகிறோம்; நடத்த வேண்டியவைதாம். அவற்றோடு மூன்று சிறு செயல்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, மன்ற அறையில் ஐந்தாறு பென்டிரைவுகள் இதற்கென்றே இருக்க வேண்டும். பளிச்சென்ற சிவப்பு நாடா ஒட்டி, 'இதில் எதையும் சேமிக்காதே' என்று எழுதி வைத்தால், ஆய்வுக் குறிப்பு உள்ள பென்டிரைவில் யாரும் லினக்ஸ் எழுத நேராது. இழுப்பறையில் செத்ததாகக் கிடப்பவற்றைக் கொண்டுவந்து கொடுத்தாலே போதும்; பெரும்பாலானவற்றை எழுப்பிவிடலாம். காசும் செலவில்லை.

இரண்டாவது, ஒரே ஒரு பக்கத்தில் தமிழில் ஒரு குறிப்பு. கட்டளை அப்படியே இருக்கட்டும். அதன் பொருளும் அதன் பின்விளைவும் தாய்மொழியில் இருக்கட்டும். 'இந்த வரியை அடித்தால் இந்த வட்டில் உள்ளதெல்லாம் போகும்' என்று தமிழில் படித்தவன் கை, ஒரு நொடியாவது நிற்கும். அந்த ஒரு நொடியே நமக்கு வேண்டியது.

மூன்றாவது, ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஒரு மாலைப்பொழுது. மூத்தவர் ஒருவரும் இளையவர் ஒருவருமாகப் பக்கத்தில் அமர்ந்து, எழுதுவதையும் அழிப்பதையும் மீட்பதையும் ஒருமுறை செய்து பார்த்தல். சொற்பொழிவு வேண்டா. கையால் ஒருமுறை செய்தது மறவாது.

'இவ்வளவு சிறியதற்கு இவ்வளவு ஏற்பாடா?' என்று மறுபடியும் கேட்கலாம். பென்டிரைவ் சிறியதுதான். அதன் விலை நம்முள் சிலருக்கு ஒரு வாரத்துக் கைச்செலவு. அதில் இருப்பதோ ஒரு பருவத்து உழைப்பு. ஊரைவிட்டு ஆயிரம் கல் தொலைவு வந்து படிக்கும் நமக்கு, இரவு பதினொரு மணிக்குத் தட்டத் தயங்காத கதவு ஒன்று வேண்டும். தட்டியபின் 'தேடிக்கொள்' என்னாத குரல் ஒன்று வேண்டும். அக்கதவு ஒருவர் அறைக் கதவாக இருப்பதைவிட, மன்றத்தின் கதவாக இருப்பது நன்றன்றோ? அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதனை எடுத்துக்கொள்ளுமாறு செயலரைக் கேட்டுக்கொள்கிறேன். சிவப்பு நாடா ஒட்டத்தக்க முதல் பென்டிரைவை அன்றைக்கு நானே கொண்டுவருகிறேன். இழுப்பறையில் உறங்கும் மற்றவற்றை நண்பர்கள் கொண்டுவருக.